மதியம் வரை நிறம் மாறாத பாஸ்தா சாலட்

கேள்வி: பள்ளிக்குப் போகும் மகளுக்கு வாரம் ஒரு நாள் பாஸ்தா சாலட் கட்டிக் கொடுக்கிறேன். காலையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பார்க்கவே ஆசையாக இருக்கிறது. மதியம் அவள் திறக்கும்போது எல்லாமே பீட்ரூட் நிறம். பாஸ்தா விறைத்துப்போய், டப்பாவின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதாம். என்ன செய்யலாம்?

பதில்: பீட்ரூட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். அதன் சாயம் தண்ணீரில் கரைவது. பக்கத்தில் இருப்பதையெல்லாம் தன் நிறமாக்கிவிடும். கேரட்டின் நிறம் தண்ணீரில் கரையாது, அதனால் தாராளமாகப் போடலாம். சிவப்புக்குச் சிவப்பு குடைமிளகாய், மஞ்சளுக்கு ஸ்வீட் கார்ன். கடையில் விற்கும் வண்ணப் பாஸ்தாவை நம்ப வேண்டாம். வெந்ததும் பெரும்பாலும் வெளிறிவிடுகிறது.

பச்சைக்கு எதிரி எலுமிச்சை. புளிப்பு பட்டால் பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியம் வெளியேறி, பீன்ஸும் புரோக்கோலியும் காக்கி நிறத்துக்கு மாறும். இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, துணியில் ஈரம் ஒற்றி வையுங்கள். எலுமிச்சை போட்ட கலவையோடு முன்கூட்டியே சேர்க்காதீர்கள்.

இனி பாஸ்தா. சுருள் வடிவ ஃபியூசிலி நல்லது. அதன் பள்ளங்களில் மசாலாவும் எண்ணெயும் தங்கும். இரண்டு பேருக்கு 150 கிராம் போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இரண்டரை டீஸ்பூன் உப்பு போட்டு வேகவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவது வீண். அது மேலே மிதந்து, வடிக்கும்போது சிங்க்கில் போய்விடும். சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவுக்குப் பல்லில் லேசாகக் கடிபட வேண்டும் என்பார்கள். சாலட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆறும்போது மாவுச்சத்து இறுகும், ஃபிரிட்ஜில் இன்னும் இறுகும். ஆகவே பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் கூடுதலாக வேகட்டும். வடித்ததும் ஒரு முறை குளிர்ந்த நீரில் அலசி, நன்றாக உதறிவிடுங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், உப்பு சேர்த்துப் புரட்டினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆலிவ் எண்ணெய் ஃபிரிட்ஜில் உறையும். சூரியகாந்தி எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை.

அடியில் தேங்கும் தண்ணீர் வெள்ளரிக்காயும் தக்காளியும் விட்டது. விதைப் பகுதியைச் சுரண்டி, உப்பு தூவிப் பத்து நிமிடம் வைத்து, விட்ட நீரைக் கொட்டித் துடைத்துவிட்டுச் சேருங்கள்.

டப்பாவில் அடியில் பாஸ்தா, அதன்மேல் கேரட்டும் கார்னும் குடைமிளகாயும், எல்லாவற்றுக்கும் மேலே பச்சைக் காய்கள். கலக்காமல் மூடுங்கள். மதியம் ஒரு குலுக்குக் குலுக்கச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு அது பிடித்த வேலையும்கூட.

மயோனைஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடைசெய்தது. முட்டையில்லாத வகை கிடைக்கிறது என்றாலும், வெயிலில் போகும் சாப்பாட்டுப் பைக்கு எதையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன். பலரும் கவனிக்காத ஆபத்து வெந்த பாஸ்தாவிலேயே இருக்கிறது. சோற்றைக் கெடுக்கும் அதே பாசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெந்த பண்டம் வெளியே கிடந்தால் பெருகும். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்பது பொதுவான விதி. அதில் எலுமிச்சை பிழிந்திருக்கிறோமே என்று தைரியமாக இருந்துவிட முடியாது.

ஆகவே முதல் நாள் இரவே பாஸ்தாவைச் செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் சில்லென்று இருக்கும்போதே காய்களை அடுக்கி, வெளிச்சூடு உள்ளே புகாத பையில் ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள். அந்த வசதி இல்லையென்றால் பள்ளிக்கு வேறு ஏதாவது கட்டிவிட்டு, இதைச் சனிக்கிழமை மாலையில் வீட்டில் செய்யுங்கள். அன்றைக்கு வேண்டுமானால் பீட்ரூட்டையும் வேகவைத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளலாம்.