ஊசி யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. காசிமேட்டில் வலை பின்னியவர். இன்சுலினை அவரே போட்டுக்கொள்ளட்டும் என்கிறார் நர்ஸ். நானே போட்டுவிட்டால் என்ன?

பதில்: போடலாம்மா. ஆனால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில்? வலை பின்னிய கைக்கு ஊசி பெரிய விஷயமில்லை, பயம்தான் தடை. நான் சொல்லித் தரும்போது முதல் நாள் மருந்தை உறிஞ்ச மட்டும் சொல்வேன். கோடு தெரியவில்லை என்று ஜன்னல் பக்கம் நகர்வார்கள், குமிழியைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். நேரமாகும். ஆகட்டும், சிரிஞ்சைப் பிடுங்காதீர்கள். கண் உண்மையிலேயே தெரியவில்லை என்றால் நீங்கள் போடுங்கள். இன்று எந்த இடத்தில் என்பதை அவர் சொல்லட்டும். நேற்று குத்திய இடத்திலேயே குத்தினால் கட்டி விழும், மருந்து சரியாக ஏறாது.

ஒன்றை இருவருமே பாருங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று போட்ட குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் என்றால் ஆரஞ்சு மூடி. மாறினால் அளவே தப்பாகிவிடும். அப்புறம், திடீரென்று வேர்த்து, கை நடுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையை மறுபடி சோதியுங்கள்.

கேள்வி: "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்கிறார் நர்ஸ். பரீட்சை மாதிரி இருக்கிறது. (தண்டையார்பேட்டை)

பதில்: பரீட்சை அவருக்குத்தான். உங்களுக்குச் சொல்ல வரவில்லை என்றால் அவர் புரியும்படி சொல்லவில்லை. தயங்காமல் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: பிரஷர் இருக்கிறது. கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. நர்ஸிடம் சொன்னால் திட்டுவாரோ? (ராயபுரம்)

பதில்: சொல்லிவிடுங்கள். மறைத்தால் பிரஷர் ஏன் இறங்கவில்லை என்று மாத்திரையைத்தான் கூட்டுவார்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் தாண்டக் கூடாது. எதை விட முடியும் என்று நீங்களே யோசித்துச் சொன்னால் அது நிலைக்கும். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டலாம், அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம் என்று வைக்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்களே, அந்த எண்ணை நோட்டில் நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். நான் செய்ய என்ன இருக்கிறது? (வியாசர்பாடி)

பதில்: நிறைய. ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடம். தினமும் காலையில் அதன்மேல் விரல் வையுங்கள், பூனை உறுமுவது மாதிரி அதிர்வு தெரியும். தெரியவில்லையா, அன்றைக்கே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போய்விடுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யார் வந்தாலும் "இந்தக் கை வேண்டாம்" என்று சொல்லுங்கள். டாக்டராக இருந்தாலும் சரி.