அக்கா மகனின் ஏஜென்ட்

கேள்வி: மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்கொடை, சேமிப்பு எல்லாம் சேர்த்து 32 லட்சம் வைப்பில் இருக்கிறது. அக்கா மகன் சென்னையில் ஏஐ ஏஜென்ட் கம்பெனி ஆரம்பித்திருக்கிறான். மருத்துவக் காப்பீட்டு கிளெய்மை ஆள் தொடாமல் அதுவே முடித்துவிடுமாம். 10 லட்சம் கொடுத்தால் 2 சதவீதப் பங்கு, மூன்று வருஷத்தில் ஐந்து மடங்கு என்கிறான். பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறான். கொடுக்கலாமா? அக்காவிடம் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: கணக்குப் பிரிவு என்கிறீர்கள், அதனால் கணக்கிலேயே தொடங்குகிறேன். 2 சதவீதத்துக்குப் 10 லட்சம் கேட்கிறான் என்றால், கம்பெனிக்கு 5 கோடி விலை போட்டிருக்கிறான். உங்கள் 10 லட்சம் 50 லட்சமாக, கம்பெனியின் விலை 25 கோடி ஆனால் போதும் என்று தோன்றும். போதாது. நடுவில் இரண்டு முறை புது முதலீட்டாளர்கள் வந்து, முறைக்கு 20 சதவீதம் எடுத்துக்கொண்டால், உங்கள் பங்கு 1.28 சதவீதமாகச் சுருங்கிவிடும். அப்போது 39 கோடி தேவை. அதன் பிறகும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத அந்தப் பங்கை வாங்க ஓர் ஆள் கிடைக்க வேண்டும்.

அடுத்து அந்த ஏஜென்ட். சாட்பாட் கேட்டதற்குப் பதில் சொல்லும். ஏஜென்ட் வேலையைப் படிகளாகப் பிரித்து, தானே இணையதளத்தைத் திறந்து, படிவம் நிரப்பி, மெயில் அனுப்பும். ஒரு கிளெய்முக்கு இருபது படி என்று வைத்துக்கொள்வோம். படிக்கு 95 சதவீதம் சரியாகச் செய்தாலும், இருபதும் பிசகாமல் முடியும் வாய்ப்பு 36 சதவீதம்தான். மீதியைப் பின்னால் உட்கார்ந்து யாரோ திருத்துகிறார்கள். அந்த யாரோவின் சம்பளம், ஏஐ மாடலை வாடகைக்குத் தரும் பெரிய கம்பெனிக்குப் போகும் பில், இரண்டும் போக ஒரு கிளெய்மில் என்ன மிஞ்சுகிறது? இதை அவனிடம் கேளுங்கள். சென்ற மாதம் முடித்த கிளெய்ம்களில் எத்தனையை ஆள் தொடவில்லை என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் எண்ணாகப் பதில் வர வேண்டும்.

பையனைச் சந்தேகப்படுவதற்காகச் சொல்லவில்லை. பெரிய முதலீட்டாளர்களே ஏமாந்த துறை இது. எந்தக் கடையிலும் ஏஐ தானாகவே பொருள் வாங்கித் தரும் என்று சொல்லி 4 கோடி டாலருக்கு மேல் திரட்டிய நேட் என்ற செயலியின் நிறுவனர் மீது 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. பிலிப்பைன்ஸில் ஆட்கள் உட்கார்ந்து கையால் ஆர்டர் போட்டார்கள், தானியங்கி வேலை நடைமுறையில் பூஜ்யம் என்பது குற்றச்சாட்டு. அடுத்த மாதமே ஏஐ வைத்துச் செயலி செய்து தருவதாகச் சொன்ன, மைக்ரோசாஃப்ட் பணம் போட்டிருந்த லண்டனின் பில்டர்.ஏஐ கம்பெனி திவாலானது.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி: "தன் கணக்குக்கு." கூடாது. பையன் நல்லவனாகவே இருக்கட்டும், அவன் சொந்தக் கணக்குக்குப் போன பணம் பங்கு ஆகாது, வெறும் கைமாற்று. தனியார் கம்பெனி பங்கு கொடுத்துப் பணம் வாங்க 2013 கம்பெனிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. உங்கள் பெயருக்கு பிஏஎஸ்-4 என்ற சலுகைக் கடிதம் வர வேண்டும். பணம் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கம்பெனி பெயரில் இதற்கென்றே உள்ள தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், ரொக்கம் ஆகாது. 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் பணம் திரும்ப வேண்டும். கம்பெனி பதிவாகியிருக்கிறதா, இயக்குநர்கள் யார் என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய கம்பெனிகளில் பணம் போடும் மாற்று முதலீட்டு நிதிகளில் சேரவே பொதுவாக ஒருவருக்குக் குறைந்தது 1 கோடி என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வைத்திருக்கிறது. போனால் தாங்கக்கூடியவர்கள் மட்டும் வரட்டும் என்றுதான். உங்கள் 32 லட்சத்தில் 10 என்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். அக்காவுக்காக மனசு கேட்கவில்லை என்றால், திரும்பாவிட்டாலும் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சிரித்துப் பேச முடிகிற தொகை எது என்று பாருங்கள். ஐம்பதாயிரமோ, ஒரு லட்சமோ. அதை மருமகனுக்குச் செய்த உதவி என்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு நாள் அவன் ஆபீஸுக்குப் போய்வாருங்கள். வீட்டில் பழைய மருத்துவ பில்கள் இருக்குமே, ஒரு கட்டாக எடுத்துப் போய் உங்கள் எதிரிலேயே கிளெய்ம் போடச் சொல்லுங்கள். மருந்துக் கடைக்காரர் கையால் கிறுக்கிய பில் ஒன்றும் அதில் இருக்கட்டும்.