உளுந்துக் கொழுந்தில் காலில்லாத பச்சைப் புழு

கேள்வி: நெல் தரிசில் விதைத்த ஆடுதுறை 3 ரக உளுந்து பூக்கும் தறுவாயில் உள்ளது. கொழுந்தில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியும் அதன் நடுவே பச்சைப் புழுவும் தென்படுகின்றன. குளவி போன்ற மஞ்சள் வரிப் பூச்சிகள் அந்தரத்தில் அசையாமல் நிற்கின்றன. காய்ப்புழு என்று கூறி, மருந்துக்கடையில் இரண்டு மருந்துகளைக் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். எப்போது அடிக்கலாம்? (நீடாமங்கலம் பகுதி விவசாயி)

பதில்: அடிக்க வேண்டாம். தாங்கள் அனுப்பிய படத்திலுள்ள புழுவுக்குக் காலும் இல்லை, தனித்துத் தெரியும் தலையும் இல்லை. காய்ப்புழுவுக்கோ மார்பில் மூன்று ஜோடிக் கால்கள் உண்டு. இது அசுவினியைக் கவ்விச் சாற்றை உறிஞ்சும் சிர்பிட் ஈயின் புழு. அந்த வரிப் பூச்சிகளே அதன் தாய். குளவிக்கு நான்கு இறக்கைகள், ஈக்கு இரண்டே. வயலுக்கு வந்து புழுவைப் புரட்டிப் பாராமல் டப்பாவை எடுத்து நீட்டும் கடைக்காரரின் பேச்சைப் பரிந்துரை என்று நான் ஏற்பதில்லை. அந்தக் கலவை, தங்களுக்குக் கூலியின்றி உழைப்பவற்றைத்தான் முதலில் கொல்லும்.

தாங்கள் கேட்டிருக்க வேண்டியது, இது எந்த ஈ என்பது. நம் பக்கத்து உளுந்தில் இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ் என்ற இனம் சாதாரணமாக வருவதுதான். எனினும் மங்கலான ஒரு படத்தை வைத்து இனப்பெயர் சொல்வது முறையன்று. நான்கைந்து புழுக்களை அசுவினி மொய்த்த கொழுந்தோடு பாட்டிலில் இட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, தினமும் புதுக் கொழுந்து வைத்து வாருங்கள்; நீர்த்துளி வடிவக் கூட்டுப்புழுவாகி, பின் ஈ வெளிவரும். வந்த ஈயை ஃப்ரீசரில் வைத்துக் கொன்று, சாராயத்தில் போடாமல் ஊசியில் குத்தி உலர வையுங்கள், ஏனெனில் சாராயத்தில் நிறம் மங்கிவிடும். இறக்கையையும் முகத்தையும் தனித்தனியே படமெடுங்கள். இறக்கையின் நடுவே எந்த நரம்போடும் சேராமல் ஓடும் பொய் நரம்பே இக்குடும்பத்தின் அடையாளம்.

அன்றே சீட்டு எழுதுங்கள். ஊர், வயல், தேதி, பயிரின் வயது, புழு எதைத் தின்றது, பிடித்தவர் பெயர் ஆகிய யாவும், நனைந்தாலும் கரையாத பென்சிலால் எழுதப்பட்டு அதே ஊசியில் கோக்கப்பட வேண்டும். சீட்டில்லாத அழகான ஈயைவிடச் சீட்டோடு கூடிய இறக்கை கிழிந்த ஈயையே நான் பெரிதாக மதிப்பேன். எந்தச் சாகுபடிப் பட்டத்தில் எது அசுவினியைத் தின்றது என்பதற்கு அதுவே சாட்சி. ஈயையும் சீட்டையும் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். அதுவரை, புழு காணப்படாமல் அசுவினி அப்பியிருக்கும் திட்டுகளில் மட்டும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தால் போதும்.