பவர் பார்த்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 47. சேலம் சிவதாபுரத்தில் வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் வேலை செய்கிறேன். ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கொஞ்ச நாளாகக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. கடையில் ரெடிமேட் கண்ணாடி வாங்கி, ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றியும் விட்டேன். சாயங்காலம் ஆனால் கண் எரிந்து தண்ணீர் வடிகிறது. நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்கிறார் அக்கா. அப்பாவுக்குக் கண் அழுத்த நோயால் ஒரு கண் பார்வை போய்விட்டது. நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக்கொண்டால் போதுமா? கோயம்புத்தூர், மதுரை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

பதில்: பவர் பார்த்தால் மட்டும் போதாது, அம்மா. அதற்காக வெளியூருக்கு ஓடவும் வேண்டாம். சேலத்திலேயே ஒரு கண் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். செலவு யோசனையாக இருந்தால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கே போகலாம்.

மங்கலும் எரிச்சலும் உங்களைத் தொந்தரவு செய்கின்றன, அதனால் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன சர்க்கரையும், அப்பாவின் கண் அழுத்த நோயும்தான். இரண்டுமே ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. தெரிய வரும்போது பாதிப்பு முற்றியிருக்கும்.

சர்க்கரை, விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அவை கசியும், சிலருக்கு உடையும். சர்க்கரை இருப்பது தெரிந்த உடனே ஒரு முறையும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்றால் இனித் தள்ளிப்போடாதீர்கள். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துத்தான் பார்ப்பார்கள். நான்கைந்து மணி நேரம் கண் கூசும், எழுத்து தெரியாது. அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஆள் வேண்டும், கொலுசு வேலைக்கும் லீவு போட்டுவிடுங்கள்.

கண் அழுத்த நோய் குடும்பத்தில் வரும். பெற்றவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும். ஆனால் அந்த எண் சரியாக இருந்தும் பார்வை நரம்பு தேய்கிறவர்கள் உண்டு. அதனால் எண்ணைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாமல், நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கப் பார்வையையும் சோதிப்பார்கள். போன பார்வையைத் திருப்ப முடியாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். அப்பா கதையை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

இனி கண்ணாடி. உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகுவதால் எல்லோருக்கும் வருவது. ரெடிமேட் கண்ணாடியால் கண் கெடாது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். உங்கள் இரண்டு கண்ணும் அப்படி ஒத்துப்போக வேண்டுமே. இன்னொன்று, சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் கூடவே மாறும். வருடத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினீர்கள் என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை சில வாரம் கட்டுக்குள் நின்ற பிறகு கண்ணாடி எழுதி வாங்குங்கள்.

போகும்போது ஒரு கொலுசையும் எடுத்துப் போங்கள். பொதுவாகப் புத்தகம் படிக்கும் தூரத்துக்குத்தான் பவர் எழுதுவார்கள். பற்றவைக்கும்போது நீங்கள் அதைவிடக் கிட்டத்தில் குனிந்திருப்பீர்கள். வீட்டில் பிடிப்பது போலப் பிடித்து, சலங்கையின் வளையம் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். பாதிப் பேருக்கு வரும் கழுத்துவலி, தூரம் சொல்லாமல் வாங்கிய கண்ணாடியால் வருவது என்பது என் எண்ணம்.

சாயங்கால எரிச்சல் கண் உலர்வாக இருக்கலாம். உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதோடு சுடரின் சூடும் புகையும். தண்ணீர் வடிவதும் உலர்வின் அடையாளமே, எரிச்சல் தாங்காமல் கண் சுரக்கிறது. ஒவ்வொரு சலங்கை முடிந்ததும் தலையை நிமிர்த்தி, நன்றாக மூடி மூடித் திறந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கண்ணீர் போன்ற சொட்டு மருந்து டாக்டர் எழுதித் தருவார். மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். எரிச்சல் சட்டென்று அடங்குகிறதே என்று ஸ்டீராய்டு கலந்த மருந்தை மாதக்கணக்கில் விட்டு, அதனாலேயே கண் அழுத்தமும் புரையும் வந்தவர்கள் உண்டு. அப்பாவுக்கு அந்த நோய் இருந்ததால் உங்களுக்கு அது இன்னும் ஆபத்து.

அக்காவின் அக்கறை எனக்குப் புரிகிறது. பூச்சாறு மட்டும் வேண்டாம். கிருமி சேர்ந்தால் கருவிழியில் புண் வரும், ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும்.

வீட்டில் கொலுசைத் திராவகம் வைத்துக் கழுவுகிறீர்களா? கண்ணில் தெறித்தால் உடனே குழாயடியில் இமையை விரித்துப் பிடித்து இருபது நிமிடம் கழுவுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது அதற்கு அப்புறம்தான். வேலையின்போது பக்கவாட்டிலும் மறைக்கிற பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டீர்கள். வெள்ளெழுத்து, உலர்வு, கண் அழுத்தம், சாதாரணப் புரை ஆபரேஷன் எல்லாம் உள்ளூரிலேயே பார்க்கக்கூடியவை. விழித்திரைக்கு லேசரோ ஊசியோ தேவைப்பட்டு அங்கே வசதி இல்லை என்றால், அந்த டாக்டரே கடிதம் கொடுத்து அனுப்புவார். ஆனால் திடீரென மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ, வாந்தியோடு கடும் கண்வலி வந்தாலோ அன்றைக்கே போய்விட வேண்டும்.

அக்காவையும் கூட அழைத்துப் போங்கள். அவருக்கும் அதே அப்பாதானே, அவர் கண் அழுத்தத்தையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.