பத்திரம் எழுதுபவரின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: ஐயா, என் தங்கையும் அவள் கணவரும் லண்டனில் வீடு வாங்குகிறார்கள். அங்கே சொத்து கைமாறும் வேலைக்கென்றே உள்ள உரிமம் பெற்ற கன்வேயன்சர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்கிறாள். நாங்கள் கொருக்குப்பேட்டையில் கால் கிரவுண்டில் ஒரு பழைய வீட்டை விலை பேசியிருக்கிறோம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் ஆவண எழுத்தரும் உரிமம் பெற்றவர்தானே, தனியாக வக்கீல் எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உரிமம் என்ற சொல் ஒன்றுதான் அம்மா, அதற்குப் பின்னால் இருக்கும் வேலை வேறு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொத்து மாற்ற வேலை பெரும்பாலும் சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்களின் கையிலேயே இருந்தது. 1985ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம்தான் அதை உடைத்து, கன்வேயன்சர் என்ற தனித் தொழிலையும் அதைக் கண்காணிக்க ஒரு மன்றத்தையும் ஏற்படுத்தியது. உங்கள் தங்கையின் கன்வேயன்சர் நிலப் பதிவேட்டில் விற்பவரின் உரிமையைச் சரிபார்ப்பார். உள்ளாட்சியிடம் சாலை, கட்டட அனுமதி பற்றியும் குடிநீர் நிறுவனத்திடம் கழிவுநீர் இணைப்பு பற்றியும் எழுதிக் கேட்பார். ஒப்பந்தங்கள் கைமாறும் நாளில் வழக்கமாகத் தரப்படும் 10 சதவீத முன்பணமும், பிறகு மீதித் தொகையும் அவருடைய தனிக் கணக்கு வழியாகவே போகும். வீடு கைக்கு வந்த 14 நாட்களுக்குள் முத்திரை வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதும், புதிய உரிமையாளர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும் அவர் வேலையே. அவருடைய கவனக்குறைவால் நட்டம் வந்தால் ஈடுசெய்யத் தொழில் காப்பீடு கட்டாயம். அதற்கும் மேலே, அந்த நாட்டில் பதிவேட்டில் இருக்கும் பெயருக்கே அரசு பொறுப்பேற்கிறது.

நம்முடைய 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவு செய்வது ஆவணத்தை, உரிமையை அல்ல. ஒருவர் இன்னொருவருக்கு இன்ன சொத்தை விற்றதாக எழுதிக் கையெழுத்திட்டார் என்பதற்குத்தான் பதிவு சாட்சி. விற்றவருக்கு அது சொந்தமாக இருந்ததா என்பது வேறு கேள்வி. விற்பவரின் உரிமையை ஆராய்ந்து தீர்மானிக்கும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்று, முந்தைய உரிமைப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கச் சொன்ன தமிழகப் பதிவு விதிகளின் 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆவண எழுத்தர் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெறுகிறவர். வாசகத்தைப் பிழையில்லாமல் எழுதுவது, அரசு குறித்துள்ள வழிகாட்டி மதிப்பைப் பார்த்து முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கணக்கிடுவது, பத்திரத்தின் அடியில் தம் பெயரையும் உரிம எண்ணையும் இட்டுக் கையெழுத்திடுவது ஆகியவை அவர் கடமை. அனுபவமுள்ள எழுத்தர் பல வக்கீல்களைவிட நன்றாகவே பத்திரம் எழுதுவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விற்பவர் கொடுத்த விவரத்தை வைத்துத்தான் அவர் எழுதுகிறார். அந்த விவரம் மெய்யா என்று தேடிப் பார்ப்பது அவர் வாங்கும் கூலிக்குள் அடங்காது.

கொருக்குப்பேட்டைப் பழைய வீடு என்பதால் இதை வற்புறுத்துகிறேன். வடசென்னையில் மனை ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் வீடு இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது பழைய சங்கதி. கோயில் நிலத்திலும் அறக்கட்டளை நிலத்திலும் மாத மனை வாடகை கட்டிக்கொண்டு மூன்று தலைமுறை குடியிருந்தவர்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியர் என்னிடம் ஒரு பத்திர நகலைக் கொண்டுவந்தார்கள். நான்கெல்லையும் அளவும் வரிசையாக இருந்தன; சொத்து விவரத்தின் கடைசி வரியில் ‘மேற்கட்டடம் மட்டும்’ என்று இரண்டே சொற்கள்; அதாவது மனை விற்பனையில் சேரவில்லை. அவர்கள் கண்ணில் அது படவே இல்லை. அதற்குள் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. எழுதியவர் தப்பாக எழுதவில்லை, உள்ளதை எழுதினார். அதன் பொருளை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மனையை விலைக்குக் கேட்கும் வழி ஒன்று இருந்தது என்றாலும், 1996இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து விலக்கிவிட்டது.

ஆகவே அங்கே ஒருவர் செய்யும் வேலையை இங்கே நீங்கள் பிரித்துக் கொடுக்க வேண்டும். மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை உள்ள தொடர்ச்சியைப் படித்து எழுத்தில் கருத்துத் தர ஒரு வழக்கறிஞர், பத்திரத்து அளவும் இடத்து அளவும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு சர்வேயர், எழுத ஆவண எழுத்தர். வங்கிக் கடன் வாங்கினால் வங்கியின் வக்கீல் பார்த்திருப்பாரே என்று இருந்துவிட வேண்டாம். அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்கு ஆபத்து உண்டா என்று. கட்டணம் உங்களுடையதுதான் என்பதால் அவர் கருத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பணத்தை நடுவில் வைத்துக் காக்கும் ஆளும் இங்கே இல்லை. முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். மனை வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்றுக்கொண்ட விற்பவருக்கு அதே தொகை அபராதமாகலாம். விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 இறுதியிலிருந்து அது கட்டாயம்.

கேள்வி: வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை, ஈசி கிளீனாக இருக்கிறது என்று ஆவண எழுத்தர் சொல்கிறார். அது போதாதா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: போதாது. நீங்கள் கேட்ட ஆண்டுகளுக்குள், நீங்கள் கொடுத்த சர்வே எண்ணிலும் கதவு எண்ணிலும் பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. சர்வே எண்ணும் நகர அளவையில் டி.எஸ். எண், பிளாக் எண் என்று மாறியிருக்கும். ஒன்றை மட்டும் கொடுத்துத் தேடினால் மற்றதில் கிடக்கும் அடமானம் வெளியே வராது. எல்லா எண்களையும் கொடுத்து, குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தேடுங்கள். அப்படித் தேடினாலும் உயில், பதிவாகாத பாகப்பிரிவினை, இறந்தவரின் மகள்களுக்குள்ள பங்கு ஆகியவை அதில் தெரியமாட்டா. வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் கையெழுத்திடுகிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். வீட்டு வசதி வாரியம் போன்ற அரசு வாரியம் ஒதுக்கிய வீடாக இருந்தால், ஒதுக்கீடு பெற்றவர் பெயருக்கு வாரியம் விற்பனைப் பத்திரம் கொடுத்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஒதுக்கீட்டு ஆணை மட்டும் கையில் இருப்பவரால் உங்களுக்கு விற்க முடியாது.

கேள்வி: போன ஆண்டு பதிவான எங்கள் பத்திரத்தில் மேற்கு எல்லை தவறாக இருக்கிறது. எழுதியவரே இலவசமாகத் திருத்தித் தருவாரா?
– வாசகர், ராயபுரம்

பதில்: அவர் தனியாகத் திருத்த முடியாது. விற்றவரும் நீங்களும் சேர்ந்து பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பிழை எழுத்தருடையது என்றால் எழுத்துக் கூலியை விட்டுக்கொடுக்கும்படி கேட்பதில் தவறில்லை. விற்றவர் வர மறுத்தால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 26ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தில்தான் திருத்தம் கேட்க முடியும். அவர் ஊர் மாறிப்போவதற்குள் பேசிவிடுங்கள்.