எஃகுக் குழாயின் உட்பூச்சு: கேள்வி பதில்

குடிநீர்த் திட்டங்களிலும் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களிலும் உட்பூச்சு வேலைகளை நீண்ட காலம் மேற்பார்வையிட்ட அனுபவத்தைக் கொண்டு, வந்துள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, 600 மி.மீ. குழாய்களின் சிமென்ட் காரைப் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன. திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பெயின்ட் நீரைத் தடுத்து எஃகைக் காக்கிறது. சிமென்ட் காரை காக்கும் விதம் வேறு. நீர் அதற்குள் ஊறி எஃகைத் தொடத்தான் செய்யும். ஆனால் காரையின் சுண்ணாம்பில் ஊறிய அந்த நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 12-க்கு மேல் ஏறி, அது கடும் காரமாகிவிடுவதால், எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உண்டாகித் துருவை நிறுத்துகிறது. குழாயில் நீர் நிரம்பியதும் காரை சற்றே உப்பி வெடிப்புகளை நெருக்கும். சுண்ணாம்பு படிந்து மீதியை அடைக்கும். பல ஆண்டுகள் ஓடிய ஒரு குழாயை வெட்டி எடுத்தபோது, வெடிப்பு இருந்த இடத்தில் வெள்ளை நூல் ஒட்டினாற்போல ஒரு கோடு மட்டுமே இருந்தது. காரையைத் தட்டிப் பெயர்த்துப் பார்த்தோம். அடியிலிருந்த எஃகு துருவின்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது.

வெடிப்பைவிட ஒலியைக் கவனியுங்கள். சிறு சுத்தியலால் தட்டும்போது உள்ளீடற்றதுபோல ஒலிக்கும் பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். புதைக்கும்வரை குழாயின் இரு வாய்களையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஈரம் காயாமல் வையுங்கள்.

கேள்வி: துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு எப்பாக்ஸி (இரு பொருள்களைக் கலந்து பூசும் பிசின் பூச்சு) பூசலாமா?

பதில்: கூடாது. பிளாஸ்டிங் செய்து, அதாவது கரடான துகள்களை வேகமாக வீசியடித்து, எஸ்ஏ 2½ தரத்துக்கு (துரு ஏறக்குறைய முழுவதும் நீங்கிய நிலை) சுத்தம் செய்த பிறகே பூச வேண்டும். எஃகின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். கடலோரத்தில் விடியற்காலையில் குழாய் வியர்த்திருக்கும், அப்போது பூசாதீர்கள்.

கேள்வி: வீட்டு மோட்டார் குழாயில் துரு வருகிறது. உள்ளே என்ன பூசலாம்?

பதில்: அவ்வளவு சிறிய குழாய்க்கு உட்பூச்சு கட்டுப்படியாகாது. பிளம்பரை அழைத்துக் குழாயை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சிமென்ட் பூச்சு பழைய முறை. 10 மி.மீ. பூசினால் உள்விட்டம் குறைகிறது. எப்பாக்ஸி அரை மில்லிமீட்டர்கூட வராது, வழவழப்பும் அதிகம். இன்னும் சிமென்ட்டையே ஏன் ஆதரிக்கிறீர்கள்?

பதில்: கணக்கு சரிதான். 600 மி.மீ. உள்விட்டம் 580 ஆகும்போது குறுக்குப் பரப்பு 6.6 சதவீதம் குறைகிறது. ஆனால் எப்பாக்ஸியில் ஒரு குண்டூசித் துளை விழுந்தால் அது தானாக மூடாது. அரிப்பு அந்த ஒரே இடத்தைக் குடையும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1903-இல் திறக்கப்பட்ட, சுமார் 530 கி.மீ. நீளமுள்ள கூல்கார்டி குழாய்த்தொடர், தாரும் நிலக்கீலும் கலந்த பூச்சோடுதான் போடப்பட்டது. அதன் உட்புறம் அரித்தது. பின்னாளில் சிமென்ட் பூச்சுக்கே மாறினார்கள்.

கேள்வி (வேறொருவர்): கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பும் குழாயிலும் இதையே சொல்வீர்களா?

பதில்: நல்ல எதிர்வாதம், ஒப்புக்கொள்கிறேன். உப்பு நீக்கிய நீரில் கால்சியமும் காரத்தன்மையும் மிகக் குறைவு என்பதால், அது காரையிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்தெடுக்கும். ஆலையிலேயே அந்த நீரைச் சுண்ணாம்புக்கல் வழியே செலுத்தி, கால்சியம் ஏற்றிய பிறகே சிமென்ட் பூசிய குழாயில் விட வேண்டும். அது நடக்காத இடத்தில் எப்பாக்ஸியே சரி.

கேள்வி: எங்கள் சாம்பல் குழாய் அடிப்பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுகிறது.

பதில்: உலையின் அடியில் சேரும் கரடுமுரடான அடிச்சாம்பல் குழாயின் தரையில் உருண்டு ஓடுவதே காரணம். வார்ப்பு பசால்ட் (உருக்கி வார்த்த எரிமலைப் பாறை) பதித்த குழாய் அதற்கு ஏற்றது. பசால்ட் பதிக்காத குழாயை, குறிப்பிட்ட கால இடைவெளியில் 90 அல்லது 120 டிகிரி திருப்பிப் போட்டால் ஆயுள் கூடும். சாம்பலும் நீரும் கலந்த கூழின் வேகத்தையும் பாருங்கள். வேகம் இரு மடங்கானால் தேய்மானம் நான்கிலிருந்து எட்டு மடங்குவரை போகும். நுண்ணிய மணல் கூழுக்கு மென்ரப்பர் நன்கு உழைக்கும். எண்ணெய் பட்டால் கெடும்.

கேள்வி: துருமாற்றி (துருவோடு வினைபுரிந்து அதை வேறு பொருளாக்கும் திரவம்) அடித்து அதன்மேல் எப்பாக்ஸி பூசலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதிலேதான். நீரில் மூழ்கியிருக்கும் எஃகுக்கு பிளாஸ்டிங்குக்கு மாற்று இல்லை.

கேள்வி: பிளாஸ்டிங் முறையாகச் செய்தும் வெல்டிங் இணைப்பருகே கொப்புளங்கள் வருகின்றன.

பதில்: இணைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெல்டிங் சூட்டில் இருபுறமும் பூச்சு கருகியிருக்கும். அதைச் சுரண்டியெடுத்து, மீண்டும் பிளாஸ்ட் செய்து பூசியிருக்க வேண்டும். ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். உள்ளே நீர் இருந்து, அடியில் எஃகு கறுத்திருந்தால், பூசுவதற்கு முன்பே அங்கே உப்பு தங்கியிருந்திருக்கலாம். அந்த உப்புதான் பூச்சு வழியாக நீரை உள்ளே இழுக்கிறது. பிளாஸ்டிங் மட்டும் உப்பை நீக்காது. நன்னீரால் கழுவி, உலர்த்தி, மீண்டும் பிளாஸ்ட் செய்து, உப்பின் அளவைச் சோதித்த பிறகு பூசுங்கள்.