மேகசின்: அலுமினியமா, பாலிமரா, ஸ்டீலா?

கேள்வி: டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் குடியிருக்கிறேன். போன மாதம் முதல்முறையாக ஏஆர்-15 ரைஃபிள் வாங்கினேன். மாதம் இரண்டு முறை ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், சுடுவதோடு சரி. கூடுதலாக நாலைந்து மேகசின் (தோட்டா நிரப்பி ரைஃபிளில் மாட்டும் பெட்டி) வேண்டும். கடையில் அலுமினியம், பாலிமர், ஸ்டீல் மூன்றும் இருக்கின்றன. "கார்கிலில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதே, உலோகமே வாங்கு" என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?

பதில்: பாலிமரே வாங்குங்கள்.

மேகசின் பெரும்பாலும் வாய்ப் பக்கத்தில்தான் கெடும். மேலே இரண்டு ஓரமும் உள்நோக்கி மடிந்திருக்கிறதே, ஃபீட் லிப்ஸ், அதுதான் தோட்டாவைப் பிடித்து வைத்து ஒவ்வொன்றாக விடுகிறது. அலுமினிய மேகசின் எடை குறைய வேண்டும் என்று மெல்லிய தகட்டில் செய்தது; 30 தோட்டா பிடிப்பது காலியாக 110 கிராம் அளவுதான் இருக்கும். அது கான்கிரீட் தரையில் குப்புற விழுந்தால் லிப்ஸ் வளையும். வளைந்தது வளைந்ததுதான், திரும்பாது.

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. ஏழெட்டுத் தோட்டாவுக்கு ஒருமுறை இரண்டு சேர்ந்து கிளம்பிச் சிக்கிக்கொள்ளும். ரைஃபிளைச் சந்தேகப்பட்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கழற்றித் துடைத்து, எண்ணெயை மாற்றி, இரண்டு சனிக்கிழமை வீணாயிற்று. கடைசியில் புது மேகசினைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான், ஒரு பக்க லிப் மயிரிழை அளவு விரிந்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து எல்லா மேகசினிலும் பெயின்ட் பேனாவால் எண் போட்டு வைக்கிறேன். ஒரே எண் இரண்டு முறை சிக்கினால் அது குப்பைக்குத்தான். பத்துப் பதினைந்து டாலர் பொருளுக்காக மனசு கேட்காமல் வைத்திருக்காதீர்கள்.

பாலிமர் என்பது பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். அடிபட்டால் வளைந்து பழைய வடிவத்துக்கே திரும்பும். தாங்க முடியாமல் போனால் விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு இது பிடிக்கும். மேக்புல் நிறுவனத்தின் பிமேக் 2007இல் வந்தது. 2016 கடைசியில் அமெரிக்க மரைன் படையே அதன் மூன்றாம் தலைமுறைக்கு அனுமதி கொடுத்துவிட்டது.

நண்பர் சொல்வது இந்திய ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளைப் பற்றி. 1999இல் கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார் எழுந்தது உண்மை. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரான ரைஃபிள் என்பதால் ஊரில் பலருக்கு அது மனதில் நிற்கிறது. ஆனால் பிளாஸ்டிக் என்ற ஒரே பெயரில் எத்தனையோ வகை இருக்கிறது. டெக்சஸ் வெயிலில் மாதம் இரண்டு முறை சுடுபவர் அந்தக் குளிரை நினைத்து அலுமினியம் வாங்க வேண்டியதில்லை.

பாலிமரிலும் ஒரு குறை உண்டு. தோட்டா நிரப்பி மாதக்கணக்கில் வைத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் லிப்ஸ் மெல்ல விரியக்கூடும். பிமேக்கோடு வரும் மூடி அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே தெரியும் கண்ணாடி போன்ற மேகசின் என்றால் கொசு விரட்டி ஸ்பிரேயும் பிரேக் கிளீனரும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை சில வகை பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

ஸ்டீல் உறுதிதான். ஆனால் எடை அலுமினியத்தைப் போல் இரு மடங்குக்கு மேல்கூடப் போகும், பூச்சு போன இடத்தில் துருவும் பிடிக்கும்.

கேள்வி: ரிசீவரில் (ரைஃபிளின் உடற்கூடு) 7075, 6061 என்று எழுதியிருக்கிறார்களே, விலை வித்தியாசத்துக்குத் தகுமா?

பதில்: தகும். இரண்டும் அலுமினியக் கலவைதான். 7075-டி6 கிட்டத்தட்ட இரு மடங்கு இழுவிசை தாங்கும். 6061 அரிப்பை நன்றாகத் தாங்கும். மேலே ஹார்டு அனோடைசிங் என்ற கடினப் பூச்சு இருப்பதால் அரிப்பைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். மிச்சப் பணம் இருந்தால் போல்ட்டில் போடுங்கள்: கார்பென்டர் 158 அல்லது 9310 எஃகு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதை வாங்குங்கள். சுடும்போது உண்மையான பாரம் அதன் மேல்தான் விழுகிறது.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை இந்தியாவுக்கு வரும்போது எடுத்து வராதீர்கள். ஓரத்தில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும், விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். அந்தச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம்தான், அதனால் காலி மேகசினும் வேண்டாம்.